நாகர்கோவில் கண்ட காமராசர்

தேர்தல் வந்துவிட்டால் நம் பாலிகஞ்ச் வீதிகளில் எழுத்தில்லாத சுவரைக் காண்பது அரிது. வென்றவர் பெயர் அச்சுவர்களில் மழை கரைக்கும் வரை நிற்கும். தோற்றவர் எங்கே போனார் என்று கேட்பார் இல்லை. அப்படித் தோற்ற ஒருவரைப் பற்றித்தான் எழுதப் புகுந்தேன். அவர் பெருந்தலைவர் காமராசர்.

1903 ஜூலை 15இல் விருதுநகரில் பிறந்தவர்; ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; சிறையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கழித்தவர். இவையெல்லாம் நாம் சிறு வயதிலேயே படித்தவை. ஆகையால் விரைந்து கடந்து, அவர் சந்தித்த இரண்டு இடைத்தேர்தல்களுக்கு வருகிறேன்.

1954 ஏப்ரலில் அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானபோது சட்டமன்றத்தில் அவருக்கு இடமில்லை. முன்னவரான இராஜாஜி மேலவை நியமனம் வழியே வந்தவர். காமராசரும் அவ்வழியே செல்லலாம், தடுப்பார் இல்லை. அவரோ குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்றார். பெரியாரின் ஆதரவும் கிட்டிற்று. கம்யூனிஸ்டு வேட்பாளரை வென்றார். மக்களிடம் நேரே சென்று கேட்பதே முறை என்பது அவர் கொள்கை போலும்.

பின்னர் ஒன்பது ஆண்டு ஆட்சி, ஊர்தோறும் பள்ளி, பள்ளியில் மதிய உணவு. 1963இல் பதவியைத் தாமே துறந்து, மறு ஆண்டு அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். சாஸ்திரியையும் இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் அவர் பங்கை நாடறியும்.

அத்தகையவர் 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். வென்றவர் யார்? 1965 இந்தி எதிர்ப்புப் போரில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். வித்தியாசம் 1,285 வாக்கு. மாணவர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். காமராசர் காலத்துப் பள்ளிகளில் படித்து வளர்ந்த தலைமுறையே அவருக்கு எதிரே நின்றது. அவர்களுக்குக் காரணம் இருந்தது. மொழிப் போரில் மாணவர் மீது குண்டு பாய்ந்தபோது மாநிலத்தை ஆண்டதும் டில்லியை ஆண்டதும் அவர் கட்சியே. நன்றி மறந்தார்கள் என்று அவர்களைப் பழிப்பது எனக்கு உடன்பாடன்று. காமராசரும் மக்களைப் பழித்தவர் அல்லர். அவ்வாண்டு இங்கே வங்காளத்திலும் அவர் நண்பர் அதுல்ய கோஷ் பாங்குராவில் தோற்றார்.

1968 ஜூன் முதல் நாள் நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினர் மார்ஷல் நேசமணி மறைந்தார். திருவிதாங்கூரிலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடியவர் அவர். 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் முதல் நாள் அந்த மண் நம்மோடு சேர்ந்தபோது முதலமைச்சராக இருந்தவர் காமராசர். 1967இல் காங்கிரஸ் தமிழகத்தில் வென்ற நாடாளுமன்ற இடங்கள் மூன்றே. அவற்றுள் ஒன்று இது.

குளச்சலும் முட்டமும் குமரிமுனையும் அடங்கிய அக்கடலோரத் தொகுதிக்கு 65 வயதில் வந்தார் காமராசர். எதிர்த்தவர் டாக்டர் மத்தியாஸ். பின்னே ஆளும் தி.மு.க. நின்றது. விருதுநகரில் தோற்றவர் தம் சமூகத்தார் மிகுந்த இடம் தேடி ஓடிவந்தார் என்ற பேச்சும் எழுந்தது. நாடார் மக்கள் அங்கே பெருந்தொகையினர் என்பது மெய், மறைப்பதில் பயனில்லை. ஆனால் 1969 ஜனவரியில் எண்ணி முடித்தபோது கண்ட வித்தியாசம் 1,28,201. ஒரு சமூகக் கணக்கு மட்டுமே இத்தனை வாக்கைத் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

அதே மாதம் 14ஆம் நாள் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. அப்பெயரைக் கேட்டு உண்ணாநோன்பிருந்து 1956இல் உயிர்விட்ட சங்கரலிங்கனாரும் விருதுநகர்க்காரரே. அன்று ஆட்சியில் இருந்தும் காமராசர் அப்பெயரைத் தரவில்லை, அண்ணா தந்தார். இதையும் சொல்லாமல் அவர் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. அவ்வாண்டு மே மாதத்தில், பம்பாயில் தோற்ற கிருஷ்ண மேனனும் இங்கே மிட்னாப்பூர் இடைத்தேர்தலில் வென்று டில்லி சென்றார்.

1969 இறுதியில் காங்கிரஸ் பிளந்தது. தாம் பிரதமராக்கியவருக்கு எதிர் அணியிலேயே காமராசர் நின்றார். 1971 தேர்தலில் அவர் அணி தமிழ்நாட்டில் பெற்ற நாடாளுமன்ற இடம் ஒன்றே ஒன்று. அது நாகர்கோவில். வென்றவர் அவரே.

1975 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளில், அவர் கண் மூடினார். அவர் அஸ்தி கன்னியாகுமரிக்கும் வந்தது. கடலில் கரைக்குமுன் மக்கள் காண வைத்திருந்த இடத்தில், காந்தி மண்டபத்தின் அருகே, இன்று அவர் மணிமண்டபம் நிற்கிறது. விடுமுறையில் அப்பக்கம் செல்லும் நண்பர்கள் கடல் பார்த்துத் திரும்பும்போது உள்ளே நுழைந்து வரலாம்.