குன்றக்குடி அடிகளார்

காரைக்குடியிலிருந்து மேற்கே ஆறு கல் தொலைவில் ஒரு குன்று உள்ளது. மயில் வடிவினது என்று மக்கள் போற்றும் அக்குன்றின்மீது முருகப்பெருமான் சண்முகநாதன் என்னும் பெயரோடு எழுந்தருளியுள்ளான். குன்று சார்ந்த ஊராகிய குன்றக்குடியில் திருவண்ணாமலை ஆதீனத்தின் திருமடம் விளங்குகிறது. சமயம் வளர்த்து வந்த அம்மடத்தை ஊர் வளர்க்கும் நிலையமாகவும் ஆக்கியவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார். நாட்டின் கல்வியிலும் ஆட்சியிலும் சமயத்திற்கு உரிய இடம் யாது என்னும் வினாவிற்கு அவர் வாழ்க்கையே விடையாக அமைந்தது.

சோழநாட்டில் மயிலாடுதுறையை அடுத்த நடுத்திட்டு என்னும் சிற்றூரில் 1925-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11-ஆம் நாள் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அரங்கநாதன் என்பது. சிறுவராய் இருந்தபோது பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையின் அன்பைப் பெறும் பேறு அவருக்கு வாய்த்தது. நாள்தோறும் ஒரு திருக்குறளை ஒப்பித்தால் பேராசிரியர் காலணா பரிசளிப்பார். காலணாவிற்காகக் கற்ற குறள் பின்னர் அவர் வாழ்நாள் முழுவதற்கும் வழித்துணையாயிற்று.

இளமையிலேயே தருமபுரம் ஆதீனத்தைச் சார்ந்து, துறவு பூண்டு, கந்தசாமித் தம்பிரான் என்னும் பெயர் பெற்றார். 1949-இல் குன்றக்குடி மடத்திற்கு இளவரசாக வந்தார். 1952-இல் அதன் தலைவரானார். 

அக்காலம் சமயத் தலைவர்களுக்குச் சோதனைக் காலமாகும். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை வழங்கியது. ஆயின், முற்றிலும் அரசுப் பணத்தால் நடைபெறும் கல்விக்கூடங்களில் சமய போதனை கூடாது என விதித்தது. மற்றொரு புறம், பகுத்தறிவு இயக்கத்தினர் மடங்களால் மக்களுக்கு என்ன பயன் என்று வினவினர். அடிகளார் அவ்வினாவைக் கேட்டுச் சினங்கொள்ளவில்லை. அதனைத் தம்மை நோக்கியே கேட்டுக்கொண்டார். மடத்தின் வாயிலுக்குள் அடங்கியிருப்பது சமயம் ஆகாது எனத் துணிந்தார். 1952-இல் அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தோற்றுவித்து ஊர்தோறும் சென்றார். தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் சேரிகளுள் புகுந்தார். கோயில்களில் தமிழில் வழிபாடு நடைபெற வேண்டும் என வலியுறுத்தினார். வினோபா அடிகள் பூமிதானம் வேண்டித் தமிழகத்தில் நடந்தபோது அப்பணியிலும் துணை நின்றார்.

கடவுளை மறுத்த பெரியார் ஈ. வெ. ராமசாமியோடும் அவர் நட்புப் பூண்டிருந்தார். பெரியார் குன்றக்குடி மடத்திற்கு வந்தபோது, மரபுப்படி அளிக்கப்பெற்ற திருநீற்றை மறுக்காது ஏற்றுக்கொண்டார். கொள்கையால் இருவரும் இரு துருவத்தினர். சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்பதில் ஒருமனத்தினர்.

1969-இல் அடிகளார் தமிழகச் சட்ட மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். (அம்மேலவை 1986-இல் நீக்கப்பட்டது.) முற்றும் துறந்தவர்க்கு அங்கே என்ன பணி என்று நாம் கேட்கலாம். சமயம் அரசை ஆளவேண்டும் என்று அவர் கருதவில்லை. மக்களுக்கு நலந்தரும் சட்டங்களுக்குச் சமயம் துணைபுரிய வேண்டும் என்றே கருதினார். கோயில் அர்ச்சகர் பதவி பரம்பரை உரிமையாக இருத்தல் கூடாது என்று தமிழக அரசு 1970-இல் சட்டம் இயற்றியது. மரபைக் காக்கும் மடத்தின் தலைவராக இருந்தும், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்னும் கொள்கையை அடிகளார் ஆதரித்தார். இதனால் பழமையில் பற்றுடையோர் சிலர் மனம் வருந்தினர். அவரோ தம் நெறியினின்று பிறழவில்லை.

ஊர் உயர்ந்தாலன்றி வழிபாடு நிறைவுறாது என எண்ணிய அடிகளார், குன்றக்குடியின் வளர்ச்சிக்கெனத் திட்டமிட்டார். பள்ளிக் கல்வியைப் பேணினார். கற்றவர்க்குத் தொழில் வேண்டுமே என்றும் கவன்றார். காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பெற்றிருந்தது. அவ்வாய்வக அறிஞர்களின் துணையை நாடி, அறிவியலைச் சிற்றூருக்கு அழைத்து வந்தார். கூட்டுறவு முறையில் தொழில்கள் தோன்றின. திருநீறு அணிந்த துறவியும் ஆய்வுக்கூடத்து அறிஞரும் ஓர் ஊரின் வறுமையை நீக்க ஒன்றுகூடி ஆராய்ந்தமை புதுமையன்றோ!

1982-இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே கலகம் மூண்டது. உயிர்கள் பல மாய்ந்தன. அரசு காவலரை அனுப்பிக் கலகத்தை அடக்கலாம்; மனத்தில் எரியும் பகையை அடக்க அன்பினாலன்றி இயலாது. அடிகளார் அங்கே சென்று, இரு திறத்தாரிடையேயும் அமைதி நிலவ உழைத்தார். சமயத்தின் பெயரால் நேர்ந்த புண்ணைச் சமயத் தலைவர் ஒருவரே ஆற்ற முற்பட்டார்.

1995-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 15-ஆம் நாள் அடிகளார் மறைந்தார். சமயம் அரசினிடம் சலுகை வேண்டி நிற்பதும் தவறு. அரசை அடக்கியாள முனைவதும் தவறு. கல்லாதார்க்குக் கல்வியும், வறியார்க்குத் தொழிலும், பகைத்தார்க்கு அமைதியும் கிடைக்கப் பாடுபடுவதே அதன் கடமை. இவ்வுண்மையை அடிகளார் தம் வாழ்வால் நமக்கு உணர்த்திச் சென்றார்.