தொழிலாளரின் வைத்தியர் ரமஸ்ஸினி

மாணவர்களே, சம்மாந்துறையிலோ உங்கள் ஊரிலோ உள்ள அரிசி ஆலையொன்றினுள் நின்று பேசிப் பாருங்கள். அருகில் நிற்பவருக்கே உங்கள் குரல் சரியாகக் கேட்காது. அந்த இரைச்சலில் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளியின் காது என்னவாகும்? 300 ஆண்டுகளுக்கு முன்னரே இதைச் சிந்தித்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்கு கற்போம்.

பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1633ஆம் ஆண்டு இத்தாலியின் கார்ப்பி நகரிற் பிறந்தார். பார்மாவில் மருத்துவம் கற்று 1659இல் பட்டம் பெற்றார். பின்னர் மொடேனாவில் பேராசிரியராகக் கடமையாற்றினார்.

ஒருநாள் அவரது வீட்டின் மலக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளி மிக அவசரமாக வேலை செய்தார். ரமஸ்ஸினி காரணம் கேட்டார். குழியினுள் நெடுநேரம் நின்றால் பார்வை கெட்டுவிடும் என்று அவர் விளக்கினார். இச்சம்பவம் ரமஸ்ஸினியின் மனத்தைத் தொட்டது. அவர் கௌரவம் பாராது பட்டறைகளுக்குச் சென்று தொழிலாளரை அவதானித்தார். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறீர் எனக் கேட்பது வைத்தியரின் கடமை என வலியுறுத்தினார்.

தாம் கண்டவற்றை 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலாக வெளியிட்டு, 1713இல் அதனை விரிவாக்கினார். வெனிஸ் நகரில் நாள் முழுதும் செம்பை அடித்துப் பாத்திரம் செய்தோர் மெல்ல மெல்லக் கேட்கும் ஆற்றலை இழந்து, முதுமையில் முற்றாகச் செவிடாகியமையை அந்நூல் விளக்குகிறது. 1700 முதல் பாதுவாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த அவர், 1714இல் தமது 81ஆவது வயதிற் காலமானார். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என உலகம் அவரைப் போற்றுகிறது.

அவர் கண்டதன் காரணத்தை இன்று நாம் அறிவோம். உட்செவியின் நத்தைச்சுருளிலுள்ள மயிர்க்கலங்கள் பேரிரைச்சலால் அழிகின்றன. மனிதரில் அவை மீண்டும் வளர்வதில்லை. வலி இல்லாமையால் பாதிப்பும் உடனே தெரிவதில்லை. 85 டெசிபெல் இரைச்சலில் தினமும் 8 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்வது ஆபத்தானது. இயந்திரங்களைச் சீராகப் பராமரித்தல், அவற்றை மூடி இரைச்சலைக் குறைத்தல், வேலையாட்களை மாற்றி மாற்றி நிறுத்தல், காதடைப்பான் அணிதல் என்பன பாதுகாப்பு வழிகளாகும்.

பரீட்சை முடிந்ததும் உங்களிற் சிலர் ஆலைக்கோ தச்சுப் பட்டறைக்கோ வேலைக்குச் செல்லக்கூடும். சிலரின் வாப்பாவோ நானாவோ இன்றும் அங்கே வேலை செய்யலாம். வீட்டில் நீங்கள் கூப்பிடுவது அவருக்கு முன்போலக் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவில்லையெனில் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் செய்யும் தொழிலையும் மறவாமற் கூறுங்கள்.