திரைமறைவில் வாழ்ந்த எழுத்தரசி

ஆங்கில நாவல் என்றதும் நம் வகுப்பறைகளில் டிக்கன்ஸ், ஹார்டி, ஜேன் ஆஸ்டின் ஆகிய பெயர்களே ஒலிக்கும். பாடத்திட்டத்துக்குள் நுழையாமலேயே இலட்சக்கணக்கான வாசகர் நெஞ்சில் நுழைந்துவிட்ட ஒருவர் உண்டு. பழைய புத்தகக் கடைகளில், அட்டை கிழிந்த மலிவுப் பதிப்புகளாக அவருடைய நூல்களை நண்பர்கள் சிலர் பார்த்திருக்கக் கூடும். காதலும் மர்மமும் கலந்த வரலாற்று நாவலுக்கு ஒரு தனிப் பாதை வகுத்த ஜார்ஜெட் ஹெயர் அம்மையாரே அவர்.

இலண்டனை அடுத்த விம்பிள்டனில் 1902 ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஹெயர் பள்ளி ஆசிரியர். வில்லோன் என்னும் பழைய பிரெஞ்சுக் கவிஞரின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பிள்ளைகள் எந்த நூலை எடுத்துப் படித்தாலும் அவர் தடுத்ததில்லையாம். இந்த ஒன்றுக்காகவே அந்தத் தந்தையை வணங்கத் தோன்றுகிறது.

தம்பி போரிஸுக்கு இரத்தம் எளிதில் உறையாத பிறவி நோய் இருந்தது. படுக்கையில் கிடந்த தம்பியின் சலிப்பைப் போக்க, பதினேழு வயது அக்காள் நாள்தோறும் ஒரு கதையை வளர்த்துச் சொன்னாள். சூதாட்டத்தில் ஏமாற்றிய தம்பியின் பழியைத் தான் சுமந்து, ஊரைவிட்டு வழிப்பறிக்காரனாகத் திரியும் ஒரு பிரபுவின் கதை அது. தந்தையார் அதைக் கேட்டார். அச்சேற்றத் தக்கது என்று உணர்ந்தார். 1921இல் ‘தி பிளாக் மாத்’ என்ற பெயரில் அது நூலாக வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது பத்தொன்பது.

1925இல் தந்தை மாரடைப்பால் திடீரென்று மறைந்தார். ஓய்வூதியம் ஏதுமில்லை. இரண்டு தம்பியரின் பொறுப்பு ஜார்ஜெட்டின் தலையில் விழுந்தது. அடுத்த சில வாரங்களிலேயே, முன்பே நிச்சயமாகியிருந்த சுரங்கப் பொறியாளர் ரொனால்டு ரூஜியரை அவர் மணந்தார். கணவரின் வேலை நிமித்தம் ஆப்பிரிக்காவின் தங்கனீகாவுக்குச் சென்று, காட்டின் நடுவே யானைப் புல்லால் வேய்ந்த குடிசையில் குடியிருந்தார். அங்கே அமர்ந்துதான் 1745ஆம் ஆண்டு இங்கிலாந்தைப் பற்றிய ஒரு நாவலை அவர் எழுதி முடித்தார்! பின்னர் மாசிடோனியாவில் பல் மருத்துவர் ஒருவர் மயக்க மருந்தைத் தவறாகக் கொடுத்ததால் உயிர்போய் மீண்டதும் உண்டு. 1929இல் தம்பதியர் தாயகம் திரும்பினர்.

இதற்கிடையே ஒரு விந்தை நிகழ்ந்திருந்தது. 1926இல் ‘தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்’ வெளியான வேளையில் பிரிட்டன் முழுவதும் பொது வேலைநிறுத்தம். விளம்பரமில்லை, மதிப்புரையில்லை. இருந்தும் 1,90,000 படிகள் விற்றன. விளம்பரம் இன்றியே நூல் விற்கும் என்று அன்றே அவர் தெளிந்துவிட்டார். அதன் பிறகு வாழ்நாளில் பேட்டி என்பதே இல்லை. புகழை விரும்பாதவர் என்று சிலரைப் பேச்சுக்குச் சொல்வதுண்டு. இவர் உண்மையிலேயே அப்படி இருந்தார்.

1932இல் மகன் பிறந்தான். வருவாய் போதாத காலம் அது. கணவர் சுரங்கத் தொழிலை விட்டு விளையாட்டுப் பொருள் கடை நடத்தினார். பிறகு சட்டம் படித்து 1939இல் வழக்கறிஞரானார். அம்மையார் ஆண்டுக்கு ஒரு காதல் நாவலும் ஒரு துப்பறியும் நாவலுமாக எழுதலானார். கொலை எப்படி நடந்தது என்ற கதைக்கட்டைக் கணவர் வகுத்துக் கொடுப்பார். மாந்தரையும் உரையாடலையும் மனைவி படைப்பார். குடும்பமே ஒரு கதைப் பட்டறையாக இயங்கியது எனலாம்.

1935இல் வந்த ‘ரீஜென்சி பக்’ அவருக்கு உரிய களத்தைக் காட்டியது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயால் ஆளும் திறனிழக்க, மகன் பதிலாளராக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான காலமே ரீஜென்சி காலம். ஆஸ்டின் நாவல்கள் வெளிவந்த காலமும் அதுதான். ஆஸ்டின் கண்ணால் கண்டு எழுதியதை, நூறாண்டு கடந்து இவர் ஏடுகளில் தேடி எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு நூல்கள் அவர் வீட்டில் இருந்தன. தொப்பி, உடை, கடைகள், விலைவாசி என்று தனித்தனிக் குறிப்பேடுகள். வெலிங்டன் கோமகனின் நடையை அறிய, அவர் கையால் எழுதிய கடிதம் ஒன்றையே விலைக்கு வாங்கினார். 1937இல் எழுதிய ‘ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி’ நாவலில் வரும் வாட்டர்லூ போர் வருணனை, சாண்டர்ஸ்ட் இராணுவக் கல்லூரி மாணவருக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்றால் அதன் நுட்பத்தை உய்த்துணரலாம்.

அவருடைய மர்மக் கதைகளின் உயிர்நாடி அக்காலச் சமூக அமைப்பிலேயே இருக்கிறது. பட்டமும் பண்ணையும் மூத்த மகனுக்கே. ஆகவே மூத்தவன் குதிரையிலிருந்து விழுந்தாலும், பாலம் முறிந்தாலும், அடுத்த வாரிசின்மேல் ஐயம் விழும். நம் ஊர்ப் பங்காளிப் பகையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இலண்டன் மாநகரப் போலீசு அமைந்ததோ 1829இல்தான். அதனால் கதைமாந்தரே துப்புத் துலக்க வேண்டும். ‘தி கொயட் ஜென்டில்மேன்’ நாவலில் போர்க்களத்தில் உயிர் பிழைத்த பிரபு, சொந்தக் கோட்டையில் உயிருக்கு அஞ்ச நேர்கிறது. ‘தி ரிலக்டன்ட் விடோ’வில் வண்டி மாறி ஏறிய ஏழை ஆசிரியை ஒருத்தி, அன்றிரவே சாகக் கிடப்பவனுக்கு மனைவியாகி, விடியுமுன் விதவையாகிறாள். ‘தி டோல்கேட்’ கதையில் சுங்கச்சாவடி காக்கும் தந்தையைக் காணாமல் அஞ்சி நிற்கும் சிறுவன் ஒருவன். பின்னணியில் களவுபோன புதுத் தங்க நாணயங்கள். முடிவைச் சொல்லமாட்டேன். தேர்வுக்கு முந்தைய வாரம் இந்நூலைத் தொடாதீர்கள் என்று மட்டும் எச்சரிக்கிறேன்; பட்டவன் சொல்கிறேன்.

ஆனால் அம்மையாரின் உள்ளம் வேறோரிடத்தில் இருந்தது. இடைக்கால இங்கிலாந்தைப் பற்றி, பெட்போர்டு கோமகன் ஜானை நாயகனாகக் கொண்டு ஒரு பெரும் படைப்பை எழுத வேண்டுமென்று பல்லாண்டு உழைத்துக் குறிப்புச் சேர்த்தார். வரிக் கடன் விடவில்லை. 1940இலேயே பணமுடையால் மூன்று நாவல்களின் உரிமையை 750 பவுனுக்கு விற்க நேர்ந்தவர் அவர். வரி கேட்டு வரும் ஒவ்வொரு முறையும் ஜான் கோமகனை ஒதுக்கிவைத்துவிட்டு, இன்னொரு ரீஜென்சிக் காதலை எழுதினார். அக்கதைகளைத் தாமே குறைத்துப் பேசுவார். திறனாய்வாளரும் அவ்வாறே ஒதுக்கினர்.

இந்த மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை. ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண்மணி, பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாசத்தில் ‘ஃபிரைடேஸ் சைல்ட்’ (1944) கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியே தம்மையும் உடனிருந்தவர்களையும் மனம் பேதலிக்காமல் காத்ததாக அம்மையாருக்கு எழுதினார். பிணியில் கிடந்த தம்பிக்குக் கதை சொன்ன அதே வேலையை, முன்பின் அறியாத நாட்டின் சிறைக்கூடத்தில் அவர் கதை செய்திருக்கிறது. வாசகர் கடிதங்களைப் பேணும் வழக்கமில்லாத அவர், அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்தினார்.

1974 சூலை 4ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் அவர் மறைந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய அவர், திருமதி ரூஜியர் என்ற பெயரில் வாழ்ந்தவர் என்பதை மறைவுச் செய்தி வழியாகவே வாசகர் அறிந்தனர். ஜான் கோமகனின் கதை முற்றுப்பெறாத நிலையிலேயே, ‘மை லார்ட் ஜான்’ என்ற பெயரில், மறு ஆண்டு அச்சேறியது.