பத்தே மாத ராஜா... 300 வருஷமா மறக்காத ஊர்! செஞ்சிக் கோட்டையில தேசிங்கு வாழ்ந்த கதை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா, செஞ்சி வரும்போது போனைக் கொஞ்சம் கீழே வைங்க. பாறைகளை அள்ளிக் கொட்டிவெச்ச மாதிரி ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரினு மூணு மலைகள் தெரியும். அந்த மூணையும் சேர்த்து மதில் கட்டின கோட்டைதான், 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியல்ல இடம்பிடிச்ச செஞ்சிக் கோட்டை. வல்லம், மேல்மலையனூர் பக்கத்து ஆள்கள்கிட்ட இது யார் கோட்டைனு கேட்டுப்பாருங்க. பட்டுனு, தேசிங்கு ராஜா கோட்டைனு பதில் வரும்.

ஆனா, கோட்டையைக் கட்டினது அவர் இல்லை. இங்கே அவர் ராஜாவா இருந்ததே சுமார் பத்து மாசம்தான்!

முகலாயர் கைக்கு வந்த கோட்டை

நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-ல் சத்ரபதி சிவாஜினு செஞ்சி பல கை மாறுச்சு. சிவாஜியோட மகன் ராஜாராம் உள்ளே இருந்தப்போ, ஔரங்கசீப்பின் படை 1690-ல் முற்றுகை போட்டது. கோட்டை விழுந்தது 1698-ல். ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, மதில் எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க! அதுக்கப்புறம் புந்தேல்கண்ட் ராஜபுத்திரரான சொரூப் சிங்கை ஔரங்கசீப் இங்கே கோட்டைத் தலைவரா நியமிச்சார். அவரோட மகன் தேஜ் சிங். நம்ம ஊர் வாய்ல அந்தப் பேர் தேசிங்கு ஆயிடுச்சு.

கல்யாண மஹால் அழகு

ராஜகிரி அடிவாரத்துல உள்ளே போனதும் உங்க கண்ணு தேடிப்போறது கல்யாண மஹாலைத்தான். நடுவுல சதுர கோபுரம், அடுக்கடுக்கா மாடிகள், ஒவ்வொரு மாடியிலயும் வளைவு வளைவான திறப்புகள், உச்சியில பிரமிடு மாதிரி கூரை. இது நாயக்கர் காலத்துக் கட்டடம். அந்த வளைவுகள்ல இஸ்லாமியக் கட்டடக்கலையும் கூரையில நம்ம கோயில் பாணியும் கலந்திருக்கும். பக்கத்துலயே படிக்கட்டுக் குளம். குதிரை லாயம், தானியக் களஞ்சியம் எல்லாம் கூப்பிடு தூரம்தான். கிருஷ்ணகிரி மேல ஏறினா, குவிமாடம் வெச்ச தர்பார் மண்டபம் இருக்கு. மதிய வெயில்லயும் காத்து அள்ளும்.

பாக்கி கேட்ட நவாப்

1714-ல் சொரூப் சிங் இறந்துட்டார். தேசிங்குக்கு அப்போ 22 வயசு இருக்கும்னு சொல்றாங்க. அப்பாவோட பதவியில உட்கார்ந்தவர்கிட்ட, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பல வருஷத்து வரி பாக்கியைக் கேட்டார். தேசிங்கு கட்ட மறுத்தார். அப்பாவுக்கு டெல்லி பாதுஷா கொடுத்த கோட்டை, இதுல நவாப்புக்கு என்ன உரிமைங்கிறது அவர் வாதம். ஆனா, டெல்லியில ஔரங்கசீப் இல்லை, காலம் மாறியிருந்தது.

நவாப் படையில பல ஆயிரம் பேர். தேசிங்கு பக்கம் சில நூறு பேர். மதிலுக்குள்ளேயே இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிச்சிருக்கலாம். அவர் வெளியே குதிரை ஏறினார். நண்பர் மஹபத் கான் கல்யாணப் பந்தல்லயிருந்து எழுந்து வந்து கூட நின்னதா கதைப்பாடல்கள் சொல்லுது. இந்து ராஜாவுக்காக உயிர்விட்ட முஸ்லிம் நண்பர்! 1714 அக்டோபர் 3-ம் தேதி தேசிங்கு களத்துலயே இறந்தார்.

அவரோட இளம் மனைவி உடன்கட்டை ஏறினது இந்தக் கதையோட கனமான பக்கம். வாழவேண்டிய வயசுல ஒரு பொண்ணு தீயில இறங்கினதைப் பெருமையா பேச முடியாது. கோட்டைக்குள்ள செட்டிக்குளக் கரைதான் அந்த இடம்னு காட்டுவாங்க. அந்த ராணி நினைவாத்தான் ராணிப்பேட்டைக்கே பேர் வந்ததாம்.

ஜெயிச்ச நவாப்போட பள்ளிவாசல் கோட்டைக்குள்ள இன்னமும் இருக்கு. ஆனா தெருக்கூத்து மேடையும் கதைப்பாட்டும் தோத்தவர் பேரைத்தான் பிடிச்சுக்கிச்சு. குதிரை நீலவேணிக்கும்கூட பாட்டுல இடம் உண்டு.

போறீங்கன்னா, காலையிலயே கிளம்பிடுங்க. ராஜகிரி சுமார் 800 அடி உயரம், படி ஏறவே ரெண்டு மணி நேரம் ஒதுக்கணும். தண்ணி பாட்டில் முக்கியம், குரங்குகிட்ட பை பத்திரம். இறங்கி வரும்போது செட்டிக்குளத்துப் பக்கம் அஞ்சு நிமிஷம் நில்லுங்க. செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம்.