விலையை வென்ற எழில்

1935ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள். இலண்டன் மாநகரின் மேஃபேர் விடுதியில் புதிய மகிழுந்து ஒன்றைக் காண வணிகர்களும் இதழாளர்களும் கூடியிருந்தனர். வண்டியின் விலை என்னவாக இருக்கும் என ஊகித்து எழுதித் தருமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. தாள்களைத் தொகுத்துப் பார்த்தபோது அவர்தம் ஊகத்தின் சராசரி 632 பவுண்டாக இருந்தது. அறிவிக்கப்பட்ட விலையோ 400 பவுண்டுக்கும் குறைவு. அந்த எஸ்.எஸ். ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸ் அப்போது முப்பத்து நான்கு வயதினர்.

லயன்ஸ், இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிளாக்பூல் நகரில் 1901 செப்டம்பர் 4 அன்று பிறந்தார். தந்தை பியானோ விற்பவர். மகனின் நாட்டமோ மோட்டார் சைக்கிள்களின்மீது இருந்தது. அண்டை வீட்டுக்குக் குடிவந்த வில்லியம் வாம்ஸ்லி, மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டும் சைடுகார்களை அலுமினியத் தகட்டால் அழகுறச் செய்துவந்தார். அதில் ஒரு தொழிலே ஒளிந்திருப்பதை லயன்ஸ் கண்டார். 1922இல் இருவரின் தந்தையரும் பிணை நிற்க, வங்கியில் 1,000 பவுண்டு கடன் பெற்று 'ஸ்வாலோ' நிறுவனம் தொடங்கப்பெற்றது.

1927இல், எளியோர் வாங்கும் ஆஸ்டின் செவன் வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் வண்ணமும் வளைவும் மிக்க புதிய உடலைப் பொருத்தி 175 பவுண்டுக்கு விற்றனர். இலண்டன் விற்பனையாளர் ஒருவர் 500 வண்டிகள் கேட்டார். நாளொன்றுக்கு இரண்டு செய்வதே அரிதாயிருந்த சிறு பட்டறை திணறியது. ஆஸ்டின் அடிச்சட்டங்கள் தொடர்வண்டி நிலையத்தில் குவிந்து கிடந்தன. 1928இல் தொழில் கவென்ட்ரி நகருக்கு மாறியது.

1931இல் வெளிவந்த எஸ்.எஸ்.1 வண்டியின் விலை 310 பவுண்டு. தாழ்ந்த கூரையும் நீண்ட முகப்பும் செல்வர்களின் வண்டியை நினைவூட்டின. ஆனால் உள்ளே இருந்தது சாதாரணப் பொறியே. தோற்றத்தின் வேகம் ஓட்டத்தில் இல்லை என்று சிலர் எள்ளினர். அதில் உண்மை இல்லாமலில்லை. லயன்ஸ் அக்குறையை உணர்ந்தார். ஆகவே பொறியியலாளர் வில்லியம் ஹெய்ன்சைப் பணியில் அமர்த்தினார். 1935இல் வந்த வண்டி வலிமையிலும் உயர்ந்து நின்றது.

அடுத்த தடை மரம். அக்காலத்தில் ஆஷ் மரச்சட்டத்தின்மேல் தகடுகளை அறைந்தே வண்டியின் உடல் அமைக்கப்பட்டது. கைவேலை மிகுதி, எனவே விலையைக் குறைக்க வழியில்லை. அச்சில் அழுத்திய எஃகுத் தகடுகளுக்கு முதலில் பெரும்பணம் வேண்டும் எனினும், எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் செலவு குறையும். இக்கணக்கை நம்பி, 1938ஆம் ஆண்டு வண்டிகளுக்கு முழு எஃகு உடலை லயன்ஸ் தேர்ந்தார். தகடுகள் வெவ்வேறு ஆலைகளிலிருந்து வந்தன, ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடைவெளிகளை ஈயம் கொண்டு நிரப்பவேண்டியதாயிற்று. பல திங்கள் உற்பத்தி முடங்க, நிறுவனம் நட்டத்தின் விளிம்புக்கே சென்று மீண்டது.

போருக்குப்பின், 1945இல் நிறுவனம் 'ஜாகுவார்' எனப் பெயர் மாறியது. எஃகு பங்கீட்டில் கிடைத்த காலம் அது. ஏற்றுமதி செய்வோருக்கே அது தாராளமாகக் கிட்டியது. 1948இல் எக்ஸ்.கே.120 வண்டியைச் சிறு எண்ணிக்கையில் செய்யக் கருதி, மரச்சட்டத்தில் அலுமினியம் போர்த்தினர். தேவை பெருகவே 1950இல் எஃகுக்கு மாறினர். எடை ஏறத்தாழ 50 கிலோ கூடியது. எனினும் உலகெங்கும் கேட்டவர்க்கு அவ்வண்டி கிடைத்தது.

1955இல் தனி அடிச்சட்டமே இல்லாத, உடலே தாங்குசட்டமாகிய சிறு மகிழுந்து வெளிவந்தது. அம்முறை அவர்களுக்குப் புதிது. எங்கே வலுக் குறையுமோ என்றஞ்சி, கூரைத் தூண்களைத் தேவைக்குமேல் தடிப்பாக்கினர். பட்டறிவு கைவந்தபின், 1959இல் தூண்கள் மெலிந்தன, சன்னல்கள் அகன்றன. அதுவே புகழ்பெற்ற மார்க் 2.

லயன்ஸ் வரைபடங்களை நம்பியவரல்லர். தகட்டுத் தொழிலாளரை அருகில் வைத்து முழு அளவு மாதிரிகளைச் செய்வித்து, அவற்றைத் தம் வீட்டு வளாகத்தில் நிறுத்தி, பகலொளியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தே கோடுகளைத் திருத்தினார்.

அதே 1955இல் அவருடைய ஒரே மகன் ஜான், பிரான்சில் நேர்ந்த சாலை விபத்தில் இறந்தார். வாரிசை இழந்த லயன்ஸ், 1966இல் தம் நிறுவனத்தைப் பெருநிறுவனம் ஒன்றோடு இணைக்க இசைந்தார். அவர் கைவண்ணத்தின் இறுதிப் பெரும்படைப்பான எக்ஸ்.ஜே.6 மகிழுந்து 1968இல் வந்தது. அதன் விலையும் கண்டோரை வியக்கவைத்தது. 1972இல் பணி ஓய்வு பெற்றார். 1984இல் ஜாகுவார் மீண்டும் தனி நிறுவனமானதைக் கண்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று தம் இல்லத்தில் காலமானார்.