பழைய காகிதத்தைப் பொக்கிஷமாக்கிய ரோஜா முத்தையா செட்டியார்

குளுவாங் – தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்குக் குடிவரும்போது, முதலில் குப்பைக்குப் போவது தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்கள்தான். கோயில் திருவிழா நோட்டீசு, மங்கிப்போன கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் எல்லாம் ஒரே தீயில் எரிந்துவிடும். அப்படிப்பட்ட காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதிலேயே தம் வாழ்நாளைக் கழித்தவர் அமரர் ரோஜா முத்தையா செட்டியார்.

தமிழ்நாட்டில் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூர்தான் அவருடைய ஊர். மலாயாவிலும் பர்மாவிலும் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த நகரத்தார் சமூகத்தில் பிறந்தவர். ஆனால் அவர் மனம் வட்டிக் கணக்கில் ஒட்டவில்லை. ஓவியம் கற்றுக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். கையில் கிடைத்த காசில் பழைய புத்தகங்களை வாங்கினார்.

19ஆம் நூற்றாண்டில் அச்சான தமிழ் நூல்கள், நின்றுபோன இதழ்கள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் என எதையும் அவர் அற்பமென்று ஒதுக்கவில்லை. நாளிதழ்ச் செய்திகளைக் கத்தரித்துப் பொருள்வாரியாக அடுக்கினார். நாளடைவில் அவர் வீடே நூலகமாயிற்று. ஆய்வாளர்கள் கோட்டையூரைத் தேடி வந்தார்கள். வர இயலாதவர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள்.

இந்த ஆர்வம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1880களில் அமெரிக்கச் சிகரெட்டுக் கம்பெனிகள், பாக்கெட் மடங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைத்தன. அதில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களையும் அச்சிட்டன. பெரியவர்கள் புகைத்து முடித்ததும் அட்டை பிள்ளைகள் கைக்குப் போனது, பெரும்பாலானவை அழிந்தன. அப்படிப்பட்ட அட்டைகளைச் சேர்த்தவர் ஜெபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கிய ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி அவர். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தாமே அங்கு சென்று ஆல்பங்களில் ஒட்டி வகைப்படுத்தினார். 1963 ஜனவரியில் அந்த வேலையை முடித்தார். இரண்டு மாதங்களில் காலமானார்.

முத்தையா செட்டியாருக்கு அந்த நிம்மதி கிட்டவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் தாள்களும் கோட்டையூரில் இருந்தன. அந்தச் சேகரிப்பு சிதறியிருக்கலாம், கரையானுக்கு இரையாகியிருக்கலாம். நல்ல வேளையாகச் சிக்காகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கியும் கடல்கடந்து கொண்டுபோகாமல் தமிழ் மண்ணிலேயே வைத்துக் காக்க வழி செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தரமணியில் இயங்கும் அந்நூலகத்தை நாடி உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். அதைக் காண அவர்தான் இல்லை.

இருவருமே செல்வந்தர்கள் அல்லர். ஒருவர் தம் சேகரிப்பைத் தம் கையாலேயே ஒப்படைத்துவிட்டுப் போனார். மற்றவருடையது கடைசி நேரத்தில் காப்பாற்றப்பட்டது. சேர்ப்பது பாதி வேலைதான். தமக்குப் பிறகு அது யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் மீதிப் பாதி.

குளுவாங், ரெங்கம், பாலோ வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களிடமும் இத்தகைய காகிதங்கள் இருக்கும். பழைய சம்பளச் சீட்டு, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிப் படம், இன்று இல்லாத தோட்டத்துக் கோயிலின் திருவிழா நோட்டீசு என எதுவாகவும் இருக்கலாம். படத்தின் பின்புறம் அதில் இருப்பவர்களின் பெயரை எழுதி வைக்கத் தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டுக்கொண்டால் உண்டு. அவர்கள் போன பிறகு அந்த முகங்களை அடையாளம் காட்ட எந்த நூலகத்தாலும் முடியாது.