164 செ.மீ உயரம், 64 கிலோ எடை... குஸ்திக்காரர்களைத் தரையில் மடக்கிய ‘கோண்டே கோமா’!

யு.எஃப்.சி ரீல்ஸ் ஒண்ணாவது உங்க மொபைல்ல வந்திருக்கும். ரெண்டு பேர் குத்திக்குவாங்க, உதைச்சுக்குவாங்க. திடீர்னு கட்டிப்பிடிச்சுத் தரையில் உருளுவாங்க. கீழே கிடக்கிறவர் காலி என்று நாம் நினைக்கும்போது, அவர் எதிராளியின் கழுத்தை மடக்கி ஜெயிச்சிருப்பார்!

இந்தத் தரைச் சண்டை உலகம் முழுக்கப் பரவ முக்கியக் காரணம் ஒரு ஜப்பானியர். பெயர், மிட்சுயோ மயேடா.

சுமோ செட்டாகலை!

1878-ல் ஜப்பானின் வடக்கே அவோமோரி பகுதியில் பிறந்தவர் மயேடா. சின்ன வயசுல சுமோ பழகினார். ஆனா, உடம்பு ஒத்துழைக்கலை. வளர்ந்த பிறகும் சுமார் 164 செ.மீ உயரம், 64 கிலோ எடைதான். சுமோவுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? டோக்கியோ போனவர், ஜிகோரோ கானோ 1882-ல் தொடங்கிய கோடோகான் ஜூடோ பள்ளியில் சேர்ந்தார். எதிராளியின் பலத்தையே அவருக்கு எதிராகத் திருப்பும் வித்தை அது. மயேடா அங்கே சீக்கிரமே முன்னணி வீரர் ஆனார்.

காசில்லாத பிரபு

1904-ல் ஜூடோவை அறிமுகப்படுத்த, ஆசிரியர் டோமிட்டாவுடன் அமெரிக்கா கிளம்பினார். நியூயார்க்கில் நடத்திய வகுப்புகள் ஓடவில்லை. பணத்துக்காகச் சண்டை போடுவது கோடோகானுக்குப் பிடிக்காத விஷயம். ஆனா, பொழைப்பு ஓடணுமே? மேடை ஏறிவிட்டார் மயேடா. அமெரிக்கா, இங்கிலாந்து, ஸ்பெயின், மெக்சிகோ, கியூபா என்று ஊர் ஊராகப் போய், தன்னைவிடக் கனமான ஆட்களோடு மோதினார்.

ஸ்பெயினில் வைத்துக்கொண்ட பெயர்தான் ‘கோண்டே கோமா’. ஸ்பானிஷில் ‘கோண்டே’ என்றால் பிரபு. ‘கோமா’வுக்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். ஜப்பானியில் ‘கோமாரு’ என்றால் சிக்கலில் தவிப்பது. எப்பவும் காசுக்குத் திண்டாடிய மயேடா, அதைச் சுருக்கித் தனக்கே வைத்துக்கொண்டாராம். செம நக்கல்ல?

அவர் பாணி என்ன?

பெரிய ஆளோடு நின்று குத்துச்சண்டை போட்டால் தோல்விதான். அதனால், தாழ்வான உதை, முழங்கை அடி என்று கொடுத்து நெருங்குவார். பிடிப்பார். வீழ்த்துவார். பிறகு கைப்பூட்டு, இல்லைன்னா கழுத்துப்பிடி. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கு. அவற்றைச் சரியாக அழுத்தினால், எவ்வளவு பெரிய பயில்வானும் சில நொடிகளில் மயங்கிவிடுவார். பைசெப்ஸ் சைஸ் அங்கே உதவாது!

அமேசான் கரையில்...

1914-ல் பிரேசில் வந்தவர், பின்னர் பெலெம் நகரில் தங்கிவிட்டார். அங்கே அவரிடமும் அவர் மாணவர்களிடமும் கற்றுக்கொண்ட இளைஞன் கார்லோஸ் கிரேசி. கார்லோஸின் தம்பி எலியோ, ஒல்லியான உடம்புக்காரர். பலம் தேவைப்படும் அசைவுகளைக் குறைத்து, நெம்புகோல் மாதிரி வேலை செய்யும் பிடிகளை அவர் மெருகேற்றினார். மல்லாந்து கிடந்தபடியே கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்துவது அவருடைய பலம். இப்படி வளர்ந்ததுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு.

1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம். முதல் யு.எஃப்.சி. எலியோவின் மகன் ராய்ஸ், ஒரே ராத்திரியில் மூன்று பேரைத் தோற்கடித்தார். மூன்று சண்டைக்கும் சேர்த்து சுமார் 5 நிமிஷம்தான்! அன்று முதல், தரைச் சண்டை தெரியாமல் எம்.எம்.ஏ-வில் காலம் தள்ள முடியாது என்றாகிவிட்டது.

இதையெல்லாம் மயேடா பார்க்கவில்லை. கடைசி வருடங்களில் ஜப்பானியக் குடும்பங்களை அமேசான் பகுதியில் குடியமர்த்தும் வேலையில் இருந்தவர், 1941 நவம்பர் 28-ல் பெலெமில் காலமானார். வயது 63.

இன்றைக்கு ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்தால், முதலில் சொல்லித் தருவது அடிபடாமல் விழுவதற்கும், பிடியில் சிக்கினால் தட்டுவதற்கும்தான். தட்டினால் எதிராளி உடனே விட்டுவிட வேண்டும். அதனால் யூடியூப் பார்த்து நண்பன் கழுத்தைப் பிடிக்காதீங்க; பயிற்சியாளர் முக்கியம். தெருவில் யாராவது தள்ளிவிட்டால்? கீழே விழுந்தாலும் கதை முடியலை. காலால் அவரைத் தள்ளிவைத்து, எழுந்து, ஓடிவிடலாம். 64 கிலோ மயேடாவிடமிருந்து வந்த பாடம் இது.